ஐப்பசியில் முதுகுப் பையோடு: மணற்காட்டிலிருந்து சந்நிதி வரை ஒரு நாள் நடை

கேள்வி: "கனடாவில் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தனியாக முதுகுப் பையோடு நெடுந்தூரம் நடப்பேன். புரூஸ் ட்ரெயிலில் பல பகுதிகள் நடந்திருக்கிறேன். இந்த ஐப்பசியில் யாழ்ப்பாணம் வருகிறேன். அங்கே ஒரு நாளாவது அப்படி நடக்க முடியுமா? எந்த வழி, எவ்வளவு தூரம், என்ன கொண்டுவர வேண்டும்?"

முடியும், தாராளமாக முடியும். ஆனால் அங்கே பழகிய கணக்கில் பாதியை இங்கே மாற்றிப் போட வேண்டியிருக்கும். போர் முடிந்து பாதைகள் திறந்த பிறகு அநேகமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு நாள் வடமராட்சிக் கரையோரம் தனியே நடந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் சொல்கிறேன்.

முதலில் காலநிலை. அங்கே இலையுதிர் காலத்தில் உங்களுக்கு எதிரி குளிர். பகல் சுருங்கும், இரவு உறையும், பருத்தி உடுப்பு நனைந்தால் உடம்புச் சூடு போய்விடும். இங்கே ஐப்பசியில் சூரியன் ஏறத்தாழ 6 மணிக்கு எழுந்து 6 மணிக்கு விழும். வெப்பம் 30 பாகையை ஒட்டி நிற்கும். சோளகக் காற்று ஓய்ந்து, வாடை இன்னும் பிடிக்காத இடைக்காலம் இது. பனையோலைகூட அசையாது. இந்தப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும். காலையில் வானம் கழுவி விட்டதுபோல இருக்கும். நிலம் சூடேறச் சூடேற, இரண்டு பக்கக் கடலில் இருந்தும் ஈரக்காற்று உள்ளே வந்து மேலே கிளம்பும். 11 மணிக்குப் பிறகு முகில் திரளும், 2 மணி, 3 மணிக்கு இடி விழும். ஒரு மணிநேரம் கொட்டிவிட்டு விட்டுவிடும். இது தாழமுக்கம் இல்லாத சாதாரண நாளின் போக்கு. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிறம் மாறும் இலைகளைத் தேடாதீர்கள், இங்கே அது இல்லை. அதற்குப் பதிலாக வேறொன்று நடக்கும். ஆனி, ஆடி, ஆவணி என்று காய்ந்து மஞ்சளாகிக் கிடந்த தரை முதல் இரண்டு மழைக்குள் பச்சை பிடித்துவிடும். மானாவாரி வயல்களில் புழுதியில் விதைத்த நெல் முளை காட்டும். வீட்டு வளவுகளில் பனம்பாத்தி போட்டிருப்பார்கள். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தின் விதைகளை மண்ணில் அடுக்கி மூடினால் தை மாதத்தில் கிழங்கு கிண்டலாம். பள்ளக் காணிகளில் தண்ணீர் தேங்கத் தொடங்க, வடக்கே இருந்து உள்ளான் கூட்டங்கள் வந்திறங்கும். அங்கே உங்கள் தலைக்கு மேலால் தெற்கே போகும் பறவைகளைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அப்படிப் போகிறவை வந்து சேருவதைப் பார்ப்பீர்கள்.

இனி வழி. என் சிபாரிசு மணற்காட்டில் தொடங்கி, வல்லிபுரம், கற்கோவளம், தும்பளை, பருத்தித்துறை, சக்கோட்டை, திக்கம், பொலிகண்டி, வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு. செல்வச் சந்நிதி முருகன் கோயிலில் முடிக்கலாம். மொத்தம் ஏறத்தாழ 22 கிலோமீற்றர். மேடு பள்ளம் என்று சொல்ல எதுவும் இல்லை. புரூஸ் ட்ரெயிலில் ஒரு நாளுக்கு நீங்கள் போடும் தூரம்தான், ஏற்றம் இல்லாததால் சுலபம் என்று நினைப்பீர்கள். வெயிலும் மணலும் ஏற்றத்துக்குச் சமம்.

எதிர்த்திசையில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம், ஆனால் நான் போகமாட்டேன். முதல் தடவை நான் அப்படித்தான் போனேன். சந்நிதியில் கும்பிட்டுவிட்டுக் கிழக்கே நடந்து, பின்னேரம் 3 மணிக்கு மணல்மேட்டில் நின்றேன். முதுகில் 13 கிலோ, கூடாரம் அடுப்பு எல்லாம் உள்ளே. தெற்குப் பக்கம் கருமை கட்டிவிட்டது. சுற்றிலும் என்னைவிட உயரமாக ஒன்றுமில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணினேன், ஒன்பது வந்தது. சத்தம் 3 செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் போகும் என்றால், மின்னல் 3 கிலோமீற்றருக்குள் விழுகிறது. பையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் குந்தி இருந்தேன். அந்த அரைமணிநேரம் நான் செய்ததெல்லாம் பிழை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. வெட்டை வெளியில் அந்த நேரத்துக்கு நிற்கவே கூடாது. அதனால்தான் வழியைத் திருப்பிப் போட்டேன். இடி இல்லாத காலையில் வெட்டை வெளியைக் கடந்துவிடுங்கள். இடி வரும் பின்னேரத்தில் நீங்கள் நூறு அடிக்கு ஒரு வீடும் கால் மைலுக்கு ஒரு கோயிலும் உள்ள பக்கம் இருப்பீர்கள். காலை வெயிலும் முதுகில்தான் விழும்.

முந்தின இரவு பருத்தித்துறையில் தங்கி, 5 மணிக்கு ஆட்டோ ஒன்று பேசி மணற்காட்டுக்குப் போங்கள். டோர்ச் வெளிச்சத்தில் சவுக்கங்காட்டின் ஓரமாக ஊர்ச்சனம் புழங்கும் பாதையில் நடந்தால் கிழக்கு வெளுக்கும்போது மணல்மேட்டில் ஏறலாம். கடல் நேரே கிழக்கில். மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள் அங்கே நிற்கின்றன. கூரை இல்லை, உள்ளே மணல். மேல் ஏறாதீர்கள், சுவர் பழையது. பக்கத்தில் சேமக்காலை, ஊரவர்களைப் புதைத்த இடம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையை அள்ளிக்கொண்டு போனது. வடமராட்சி கிழக்கில் ஆளிழக்காத ஊரில்லை. அந்த இடத்தில் சத்தமில்லாமல் நடப்பது நல்லது.

மணலில் செருப்பைக் கழற்றி வெறுங்காலோடு நடங்கள். இரவு ஈரம் பிடித்த மணல் 7 மணி வரை இறுகி இருக்கும், கால் புதையாது. 8 மணிக்குப் பிறகு அதே மணல் பொருபொருத்து ஒவ்வோர் அடியிலும் பின்னுக்கு இழுக்கும். அந்த முதல் ஒரு மணிநேரத்தைத் தவறவிட்டால் நாள் முழுக்க அதன் களைப்பு இருக்கும்.

மணற்காட்டில் இருந்து வல்லிபுரம் நாலு கிலோமீற்றர் அளவு. வல்லிபுர ஆழ்வார் கோயில் மணல் நடுவே இருக்கிறது. புரட்டாசித் திருவிழாவில் சாமி கடல் தீர்த்தத்துக்குப் போகும் மணல் வழியைப் பார்க்கலாம். நீங்கள் போகும்போது அந்தச் சனம் எல்லாம் கலைந்து கோயில் அமைதியாக இருக்கும். 1936ஆம் ஆண்டளவில் வல்லிபுரத்தில் ஒரு பொன்னேடு கிடைத்தது. அனுராதபுரத்து வசப மன்னன் காலத்தது, குடாநாட்டின் பழைய பெயரான நாகதீபம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைக்கு ஏறத்தாழ 1900 வருடத்துக்கு முந்திய எழுத்து. இந்த மணலில் ஆள் நடமாட்டம் புதிதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கோயிலுக்குள் போவதென்றால் ஆண்கள் மேல்சட்டை கழற்ற வேண்டும், பை வெளியே. ஒரு வேட்டியோ சாரமோ பையில் இருக்கட்டும். இங்கே தண்ணீர் நிரப்புங்கள். கடலுக்கு இவ்வளவு கிட்ட நல்ல தண்ணீர் எப்படி என்று கேட்பீர்கள். மழைநீர் மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புத்தண்ணீருக்கு மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கும். அளவாக அள்ளினால் நல்ல தண்ணீர், அதிகம் இறைத்தால் சவர் ஏறும். குடாநாடு முழுக்க இதே கதைதான். புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றில்கூட மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஆறு குளம் நம்பி வாழும் நிலம் இல்லை இது. ஆகவே தண்ணீர்க் கணக்கு இங்கே நடையின் முதல் கணக்கு. முதல் மழைக்குப் பிறகு கிணறுகளில் அழுக்கு இறங்கியிருக்கும். வெளிநாட்டு வயிற்றுக்கு வடிகட்டியோ குளோரின் குளிசையோ தேவை. மணிக்கு அரை லீற்றராவது குடியுங்கள். வெறும் தண்ணீர் மட்டும் குடித்தால் தலை சுற்றும். பார்மசியில் ஜீவனி என்ற நீரேற்றத் தூள் பக்கெட் வாங்கிக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தேசிக்காய்த் தண்ணியில் உப்பும் சீனியும் போட்டுக் குடியுங்கள்.

வல்லிபுரத்தில் இருந்து கற்கோவளம், தும்பளை வழியாகப் பருத்தித்துறை. 10 மணிக்கு முன் வந்துவிடுவீர்கள். டிப்பர்கள் ஓடும் வீதிகளில் வலப்பக்கமாக, வாகனத்துக்கு முகம் காட்டி நடங்கள். அங்கே உங்களுக்குப் பழகிய பக்கத்துக்கு இது எதிர்ப்பக்கம், மறக்காதீர்கள்.

இப்போது சுமை பற்றிச் சொல்ல வேண்டும். இந்த நடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

எங்கள் ஊர்ப் பழைய வீதிகளில் சுமைதாங்கி பார்த்திருப்பீர்கள், அல்லது அப்பா அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இரண்டு தூணும் மேலே குறுக்காக ஒரு பாளமும், அல்லது நெஞ்சுயரத்தில் கட்டிய ஒரு சுவர். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகக் கட்டுவது வழக்கம். இறக்கி வைக்காத சுமையோடு போனவள் பெயரில், வழியால் போகிறவன் சுமையை இறக்கட்டும் என்று. பக்கத்தில் மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக் கல், குடிக்கக் கேணி, படுக்க மடம் என்று ஒன்றோடொன்று சேர்ந்து இருக்கும்.

அதன் உயரத்தைக் கவனியுங்கள். இரண்டு பேர் சேர்ந்து போனால் சுமைதாங்கி தேவையில்லை, ஒருவர் மற்றவருக்குச் சுமை தூக்கிவிடுவார். தனியே போகிறவன் சுமையை நிலத்தில் இறக்கினால் திரும்பத் தூக்க ஆளில்லை. அவனுக்காகத்தான் அந்த உயரம். ஒருநாள் உள்ளொழுங்கை ஒன்றில் அப்படியொரு கல்லில் என் பையை வைத்தேன். பாளத்தின் விளிம்பு தேய்ந்து, கை வைத்தால் வழுக்கும் மினுக்கத்தில் இருந்தது. திரும்பப் போடும்போது குனியவில்லை. முதுகைக் காட்டி நின்று, வாருக்குள் கைகளை நுழைத்து, ஓரடி முன்னே வைத்தேன். அவ்வளவுதான், பை ஏறிவிட்டது. இடுப்பு நோகவில்லை. தனியே சுமையோடு நடக்கிறவனைப் பற்றி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உடம்பால் விளங்கியது. உங்களைப் போல ஒருவர் இந்த ஊரில் விசித்திரமான ஆளே இல்லை. உங்களுக்கான கல் இருநூறு வருடத்துக்கு முன்னமே நட்டாயிற்று.

சுமைதாங்கி இல்லாத இடத்தில் மதகுச் சுவரோ கோயில் மதிலோ பாவியுங்கள். பையை நிலத்தில் வைக்காதீர்கள். எறும்பும் ஏறாது, இடுப்பும் தப்பும்.

பருத்தித்துறை தும்பளைப் பக்கத்துத் தெருமூடி மடத்தை 10 மணியில் இருந்து ஒரு மணி வரை உங்கள் வீடாக நினையுங்கள். வீதி நடுவால் போகும், மேலே கூரை, இரு பக்கமும் கல்தூண்களும் உயர்ந்த திண்ணைகளும். தெருவையே மூடிக் கட்டிய மடம், அதனால் அந்தப் பெயர். வெளியே வெயில் எரிக்கும்போது திண்ணைக் கல் குளிர்ந்து கிடக்கும். சைக்கிள்கள் உங்கள் காலடியால் போகும். நான் அங்கே காலுறை கழற்றி, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, கால் இரண்டையும் தூணில் உயர்த்தி வைத்துப் படுப்பேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம், ஆணி அடிக்கவோ கயிறு கட்டவோ வேண்டாம்.

கால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலைக்குப் போடும் பாரமான சப்பாத்து இங்கே வேண்டாம். மணல் உள்ளே போனால் வெளியே வராது, மழையில் நனைந்தால் அன்றைக்குக் காயாது. பின்னால் வார் உள்ள நல்ல செருப்பும் மெல்லிய காலுறையும் போதும். முதல் தடவை எனக்குக் குதிக்காலில் மணலும் காலுறையும் உராய்ந்து ஐம்பது சதக் குற்றி அளவுக்குக் கொப்புளம். தும்பளையில் ஓர் ஆச்சி படலையடியில் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, உந்தக் காலோட எங்க போறீர்? இதில இரும்" என்று சங்கடப்படலைத் திண்ணையில், கூரை போட்ட வாசலடியில், இருத்தினார். வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழைய வேட்டித் துணி கிழித்துச் சுற்றிக் கட்டினார். கொப்புளத்தை உடைக்க விடவில்லை. "தோல் தானா விழுமட்டும் அதுதான் மருந்து" என்றார். அது சரியான வைத்தியம். தேத்தண்ணி தந்து, இரண்டு பனங்கட்டித் துண்டும் கையில் வைத்தார்.

அப்போதுதான் கேட்டார், "ஏன் ராசா நடக்கிறாய்? பஸ் ஓடேல்லையோ?"

இந்தக் கேள்வி உங்களிடமும் பத்துத் தரம் கேட்கப்படும். அதை இலேசாக எடுக்காதீர்கள். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் போருக்குப் பயந்து ஊரை விட்டு இலட்சக்கணக்கில் செம்மணி, நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தது. ஐப்பசி மழை. எனக்கு 11 வயது. அம்மா அரிசியும் தங்கச்சியும், அப்பா சைக்கிளில் அம்மம்மாவும் மூட்டையும், என் முதுகில் பள்ளிக்கூடப் பை. அதற்குள் புத்தகத்தை எடுத்துவிட்டுத் தங்கச்சியின் உடுப்பு. சில மைல் தூரத்துக்கு இரவு முழுதும் போனது. வழியோரத்தில் சனம் தூக்க முடியாமல் விட்டுப்போன பெட்டிகள் நனைந்து கிடந்தன. அந்தத் தலைமுறைக்கு, ஐப்பசியில் முதுகில் பையோடு நடக்கும் ஓர் ஆள் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பொழுதுபோக்கு என்று சொன்னால் அவர்களுக்கு விளங்காது என்றில்லை, மனசு ஒப்பாது. நான் எப்போதும், "சந்நிதிக்கு நடந்து போறன் அம்மா" என்பேன். அது உண்மை. அந்த ஒரு சொல்லோடு முகம் மாறிவிடும். "அப்ப போட்டு வாங்கோ, எங்களுக்கும் சேர்த்துக் கும்பிடுங்கோ" என்பார்கள். கும்பிடுகிறவரோ இல்லையோ, அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

அந்த இரவின் பாடமும் என் பையில் இருக்கிறது. தண்ணீரோடு சேர்த்து 6 கிலோவுக்கு மேல் நான் தூக்குவதில்லை. கூடாரம் வேண்டாம். கடற்கரையில் தனியே கூடாரம் அடித்தால் கடற்படையோ பொலிசோ வந்து கேட்பார்கள், இரவு இடியில் அது பாதுகாப்பும் இல்லை. அடுப்பு வேண்டாம், வழியெல்லாம் சாப்பாடு. இரண்டு லீற்றர் தண்ணீர், குடை, ஒரு மாற்று உடுப்பு, சாரம், துவாய், டோர்ச், கால் கட்டத் துணியும் பிளாஸ்டரும், பவர் பாங்க், கடவுச்சீட்டின் பிரதி, எல்லாவற்றையும் சுற்ற ஒரு தடித்த பொலித்தீன் பை. மழைக்கோட்டை விட்டுவிடுங்கள், இந்தப் புழுக்கத்தில் அதற்குள்ளேயே நனைந்துவிடுவீர்கள். குடை வெயிலுக்கும் மழைக்கும் ஆகும், நாய்க்கும் ஆகும். விடியற்காலையில் ஒழுங்கைகளில் நாய்கள் கூட்டமாக வரும். ஓடாமல் நின்று குடையை முன்னால் நீட்டினால் போய்விடும். கடித்தால் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தின்ன என்ன கொண்டுபோவது? இங்கே நடைக்கென்றே செய்ததுபோல உள்ளது புழுக்கொடியல். பனங்கிழங்கை அவித்துக் கீறிக் காயவைத்தது. மாதக்கணக்கில் கெடாது, கல்லுப்போல இருக்கும், வாயில் போட்டு ஊறவிட்டு ஊறவிட்டு ஒரு கிலோமீற்றர் நடக்கலாம். தேங்காய்ச் சொட்டும் பனங்கட்டியும் கூட வைத்தால் ஒரு நேரச் சாப்பாடு. அப்புறம் பருத்தித்துறை வடை. மெல்லியதாய்த் தட்டிப் பொரித்த தட்டைவடை, நாள்கணக்கில் மொறுமொறுப்புப் போகாது. பருத்தித்துறையிலேயே ஒரு பக்கெட் வாங்குங்கள். உப்பும் உறைப்பும் உடம்பு கேட்கும்.

ஒரு மணிக்கு மடத்தை விட்டுக் கிளம்பினால் சக்கோட்டை முனை. இந்தத் தீவின் வடக்கு நுனி. பெரிதாக ஒன்றும் இல்லை, கல்லும் கடலும்தான். பார்த்துவிட்டு நடங்கள். திக்கம், பொலிகண்டி இரண்டையும் வானத்தைப் பார்த்தபடியே கடக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் உடனே கல்வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணிநேரம் போகும்வரை வெளியே வராதீர்கள். பனைக்குக் கீழே ஒதுங்க வேண்டாம், பனைதான் முதலில் எரியும். கிடுகுக் கொட்டிலும் உதவாது. வாசலில் நின்று "கொஞ்சம் ஒதுங்கலாமோ?" என்று கேட்டால் கதிரை வரும், பின்னாலேயே தேத்தண்ணியும் வரும்.

வல்வெட்டித்துறையில் ஒரு கால்மணிநேரம் கடலைப் பார்த்து நில்லுங்கள். இங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. ஓட்டிப்போனவர்கள் இந்த ஊர் ஆட்கள். 1954இல் தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி இந்தக் கரையில் இறங்கி பாக்கு நீரிணையைக் கோடியக்கரை வரை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆனந்தன் போய்த் திரும்பியே வந்தார். தனியே நெடுந்தூரம் என்பதற்கு இந்தக் கரை வைத்திருக்கும் அளவு அது. கால் நோகத் தொடங்கும் நேரத்தில், இருபதாவது கிலோமீற்றரில், எனக்கு அவர்களை நினைத்துக்கொள்வது உதவும்.

ஆபத்துகளில் இன்னும் மூன்று. பாம்பு: மழைக்குப் பிறகு புடையன், நாகம் எல்லாம் வெளியே வரும், மணற்பாங்கில் சுருட்டையும் உண்டு. பொழுதுபட்ட பிறகு டோர்ச் இல்லாமல் ஓரடி வைக்காதீர்கள். கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். மந்திகையில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. கடல்: ஐப்பசியில் கிழக்குக் கரை கொந்தளிக்கத் தொடங்கும், தனியே இறங்கிக் குளிக்காதீர்கள். மிதிவெடி: நான் சொன்ன வழி ஊர்ச்சனம் தினமும் புழங்கும் வழி, அதிலேயே நில்லுங்கள். மணற்காட்டில் இருந்து தெற்கே நாகர்கோவில், முகமாலைப் பக்கம் பழைய போர்முனை. அங்கே வருடக்கணக்காக வெடி அகற்றும் வேலை நடந்திருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் வந்த அடியிலேயே திரும்புங்கள். குறுக்குவழி என்று பற்றைக்குள் இறங்கவே கூடாது.

நீங்கள் ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. என் தங்கச்சி பருத்தித்துறையில் இருந்து சந்நிதி வரையான பாதியைத் தனியே நடந்திருக்கிறாள். கேள்வி அதிகம் கேட்டார்கள், கரைச்சல் ஒன்றும் வரவில்லை. விடியற்காலை மணற்காட்டுப் பகுதிக்கு மட்டும் பெண்கள் தனியே போக வேண்டாம் என்பது அவளுடைய அபிப்பிராயம், என்னுடையதும். துணைக்கு ஒருவர் வல்லிபுரம் வரை வந்து திரும்பலாம்.

ஐந்து, ஐந்தரைக்குத் தொண்டைமானாறு. தடுப்பணையடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. ஆற்றில் கால் கழுவி, சாரம் மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போங்கள். சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை செய்வார், மந்திரம் இல்லை. ஆலிலையில் அமுது படைப்பார்கள். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இந்த வாசலில் இருந்துதான் புறப்படுவார்கள். வற்றாப்பளை, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை என்று ஒன்றரை மாதத்துக்கு மேல் நடை. நீங்கள் பழகிய நெடுநடையை இந்த நாட்டில் தேடினால் அதுதான், ஆனால் அது வைகாசியில். அன்னதானக் கந்தன் என்று பெயர் எடுத்த கோயில், சுற்றிலும் மடங்கள். நடந்து வந்தேன் என்றால் சோறும் கிடைக்கும், பாய் விரிக்க இடமும் கிடைக்கும். கந்தசஷ்டி ஆறு நாளுக்குள் வந்தால் விரதகாரர் நிறைந்திருப்பார்கள், படுக்க இடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தாழமுக்கம் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். 2008 நவம்பரில் நிஷா, 2020 டிசம்பரில் புரெவி. இரண்டு தடவையும் குடாநாட்டு வீதிகள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. ஒக்ரோபர் நடுப்பகுதியில் வந்தால் அந்தப் பயம் குறைவு, நவம்பர் ஆக ஆகக் கூடும். வளிமண்டலவியல் திணைக்கள அறிக்கையை மூன்று நாளைக்கு முன்பிருந்தே பாருங்கள். விரிகுடாவில் தாழமுக்கம் என்று வந்தாலோ, வடக்கே 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று சொன்னாலோ நடையைத் தள்ளிப் போடுங்கள். காலையில் புழுக்கம் இல்லாமல் வடகிழக்கில் இருந்து குளிர்காற்று அடித்தால், அறிக்கை என்ன சொன்னாலும் மணல்மேட்டுக்குப் போக வேண்டாம். அன்றைக்குப் பருத்தித்துறையில் இருந்து தொடங்குங்கள், 12 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் நல்ல நடைதான்.

பயணத் திகதி முடிவானதும் எழுதுங்கள். ஆட்டோ பேசித் தருகிறேன், புழுக்கொடியல் வீட்டில் இருக்கிறது.